ஆஃபர் ஏற்கப்பட்ட பிறகு: ஏஜென்ட் காட்டும் சொலிசிட்டரா, நாமே பிடிக்கும் சொலிசிட்டரா?

இங்கிலாந்தில் வீடு வாங்கப் போகிறவர்களுக்கு, ஆஃபரை, அதாவது நாம் சொன்ன விலையை, விற்பவர் ஏற்றுக்கொண்டார் என்று எஸ்டேட் ஏஜென்ட்டிடமிருந்து போன் வரும்போதே ஒரு கேள்வியும் ஒட்டிக்கொண்டு வரும். “சொலிசிட்டர் இருக்கிறாரா? இல்லையென்றால் எங்களிடமே நல்லவர்கள் இருக்கிறார்கள்.” சொலிசிட்டர் என்றால் வீடு வாங்குவதன் சட்ட வேலைகளைப் பார்க்கும் வழக்கறிஞர். கூடவே மார்ட்கேஜ் (வீட்டுக் கடன்) ஆலோசகர் ஒருவரும், வீட்டின் நிலையைச் சோதிக்கும் சர்வேயர் ஒருவரும் சிபாரிசாக வருவார்கள். எல்லாவற்றையும் ஏஜென்ட் கையில் விட்டுவிடுவதா, ஒவ்வொருவரையும் நாமே தேடிப் பிடிப்பதா? வடமேற்கு லண்டனில் லீஸ்ஹோல்ட் (நீண்ட காலக் குத்தகையில் வரும்) ஃபிளாட் ஒன்றை வாங்கியபோது நான் இரண்டாவது வழியில் போனேன். இன்னொரு முறை வாங்கினாலும் அப்படித்தான். எனவே இதில் தராசு ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

முதலில், ஏற்கப்பட்ட ஆஃபரின் மதிப்பு என்ன என்று பார்த்துவிடலாம். ஊரில் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தால் பேச்சுக்கு ஒரு பிடிமானம் உண்டு. இங்கே ஆஃபர் கட்டத்தில் பணம் எதுவும் கை மாறாது. நிலம், வீடு விற்கும் ஒப்பந்தம் எழுத்தில், இரு தரப்பு கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும் என்பது 1989 முதல் சட்டம். அந்தக் கையெழுத்துத் தாள்கள் கைமாறுவதைத்தான் எக்ஸ்சேஞ்ச் என்கிறார்கள். பொதுவாக விலையில் 10 சதவீதத்தை டெபாசிட்டாகக் கட்டுவதும் அன்றுதான். அதற்கு முந்தைய நாள் வரை விற்பவர் மனம் மாறலாம், நீங்களும் மாறலாம். கூடுதல் விலைக்கு இன்னொருவர் வந்தால், அந்த ஆஃபரை விற்பவரிடம் சொல்ல வேண்டியது ஏஜென்ட்டின் கடமை. இனி எதுவும் சொல்ல வேண்டாம் என்று விற்பவரே எழுதிக் கொடுத்திருந்தால்தான் விதிவிலக்கு. ஆகவே “வீட்டை மார்க்கெட்டில் இருந்து எடுத்துவிட்டோம்” என்று ஏஜென்ட் சொல்வது ஆறுதலான வார்த்தைதான், உத்தரவாதம் இல்லை.

நம்மவர்கள் பலர் சறுக்குகிற இடம் இதற்கு அடுத்தது. தமிழ்நாட்டில் வீட்டு புரோக்கர் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவார். அதனால் அவர் பாதி நம்ம ஆள் என்ற நினைப்பு நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. இங்கிலாந்து ஏஜென்ட்டுக்கு விற்பவர் மட்டும்தான் கமிஷன் கொடுக்கிறார், அதுவும் விற்பனை முடிந்தால்தான். அவர் உங்களோடு சிரித்துப் பேசுவார், பிள்ளைகளுக்குப் பக்கத்தில் எந்தப் பள்ளி நல்லது என்றுகூடச் சொல்வார். அதில் பொய் இருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் வேலை பார்ப்பது விற்பவருக்கு. விற்பனை நின்றுபோனால் அவருக்குக் காசு இல்லை.

சரி, ஏஜென்ட் காட்டும் வழியில் என்ன லாபம்? நிறையவே இருக்கிறது. தேடும் அலைச்சல் மிச்சம். அவர்கள் அனுப்பும் நிறுவனங்கள் பெரும்பாலும் பெரியவை. ஆன்லைனில் ஃபைல் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம், விற்பனை முறிந்தால் ஃபீஸ் இல்லை என்ற திட்டமும் சிலவற்றில் உண்டு. தினம் பேசிப் பழகியவர்கள் என்பதால் ஏஜென்ட் ஒரு போன் போட்டு வேலையை நகர்த்தவும் முடியும். ஒருவர் விற்றால்தான் அடுத்தவர் வாங்க முடியும் என்கிற நீளமான செயினில் மாட்டியவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மார்ட்கேஜ் ஆலோசகர் விஷயத்தை நான் சுருக்கமாகவே முடித்துக்கொள்கிறேன். உங்கள் சம்பளம் என்ன, சேமிப்பு என்ன, வங்கி உச்சபட்சமாக எவ்வளவு கொடுக்கும் என்ற கணக்கு முழுவதையும் விற்பவரின் ஏஜென்ட் உட்கார்ந்திருக்கும் அதே அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள். அடுத்த மேசைக்குப் போகாது என்பார்கள், போகாமலும் இருக்கலாம். ஆனால் ஆஃபரோடு பேரம் முடிந்துவிடுவதில்லை. சர்வேயில் கூரையோ ஈரமோ தலைகாட்டினால் மறுபடி விலை பேச வேண்டி வரும். அப்போது இன்னும் எவ்வளவு உங்களால் புரட்ட முடியும் என்பது எதிர்ப்பக்கத்துக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. எங்கள் ஆலோசகரிடம் பேசினால்தான் உங்கள் ஆஃபர் முன்னே போகும் என்று யாராவது சாடையாகச் சொன்னால், அதை ஈமெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். தங்கள் சேவைகளை வாங்காதவர் என்பதற்காக ஒருவரை ஏஜென்ட் பாகுபாடாக நடத்தக் கூடாது என்று 1991-லேயே உத்தரவு இருக்கிறது. எழுதித் தரச் சொன்னதுமே பேச்சு மாறும். ஆனால் பாஸ்போர்ட், பணம் வந்த வழி ஆகியவற்றைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். கறுப்புப் பணத் தடுப்பு விதிகளின்படி வாங்குபவரையும் அவர்கள் சரிபார்த்தாக வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானிப்பது சொலிசிட்டர்தான். இன்னும் குறிப்பாகச் சொன்னால், “இதை வாங்காதீர்கள்” என்று உங்களிடம் சொல்வதால் அவருக்கு என்ன நஷ்டம் என்ற கேள்விதான்.

ஏஜென்ட் அனுப்பும் ஒவ்வொரு ஃபைலுக்கும் பல சொலிசிட்டர் நிறுவனங்கள் ஏஜென்ட்டுக்கு ஒரு தொகை கொடுக்கின்றன. ரெஃபரல் ஃபீ என்று பெயர். விபத்து இழப்பீட்டு வழக்குகளில் இதை 2013-ல் தடை செய்துவிட்டார்கள், வீட்டு விற்பனையில் தடை இல்லை. மறைக்கத்தான் கூடாது. அதனால் சொலிசிட்டர் முதலில் அனுப்பும் நீளமான கடிதத்தில், கட்டண விவரங்களுக்கு நடுவே எங்கேயோ ஒரு வரியாக அது இருக்கும். அந்த வரியைத் தேடிப் படியுங்கள். தொகை உங்கள் பில்லில் ஏறுகிறதா என்பதுகூட எனக்குப் பெரிய விஷயம் இல்லை. அந்த நிறுவனத்துக்கு அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் வேலை கொடுக்கப்போவது யார் என்பதுதான் விஷயம். நீங்கள் வாழ்நாளில் ஒன்றோ இரண்டோ வீடு வாங்குவீர்கள். ஏஜென்ட் வாரத்துக்கு வாரம் ஃபைல் அனுப்புவார். அவர் அனுப்பிய விற்பனைகளை அடிக்கடி கேள்வி கேட்டு நிறுத்தும் சொலிசிட்டர் அவர் பட்டியலில் எத்தனை நாள் இருப்பார்? ஒருவர்கூட நேர்மையற்றவராக இருக்கத் தேவையில்லை. வேகமாக முடி என்ற அழுத்தம் மேலிருந்து கீழே தானாக இறங்கிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

என் ஃபிளாட்டில் இது எப்படி வந்தது என்று சொன்னால் புரியும். லீஸ்ஹோல்ட் என்றால் கட்டட நிர்வாகியிடமிருந்து ஒரு கட்டுத் தாள்கள் வரும்: சர்வீஸ் சார்ஜ் என்னும் பராமரிப்புக் கட்டணக் கணக்கு, கட்டடக் காப்பீடு, நிலுவைகள், வரப்போகும் பெரிய வேலைகள். அந்தக் கட்டின் பின்பகுதியில், கூரையை மாற்றப்போவதாகக் குடியிருப்போருக்கு அனுப்பிய ஒரு நோட்டீஸ் இருந்தது. கட்டட உரிமையாளர், குத்தகைதாரர் பற்றிய 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்படி, ஒரு ஃபிளாட்டுக்கு 250 பவுண்டுக்கு மேல் பங்கு வரும் வேலை என்றால் முன்கூட்டியே இப்படி நோட்டீஸ் அனுப்பி, லீஸ் வைத்திருப்பவர்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். பில் இன்னும் போடவில்லை என்பதால் நிலுவை என்ற கட்டத்தில் பூஜ்யம் என்றுதான் எழுதியிருந்தது. பொய் இல்லை. ஆனால் நான் சாவியை வாங்கிய பிறகு அந்தப் பில் வந்தால் அது என் தலையில்தான்.

என் சொலிசிட்டர் அந்த ஒரு தாளைப் பிடித்துக்கொண்டார். எஸ்டிமேட் எவ்வளவு, இந்த ஃபிளாட்டின் பங்கு லீஸின்படி எத்தனை சதவீதம், பெரிய வேலைகளுக்காகச் சேர்த்து வைக்கும் ரிசர்வ் நிதியில் எவ்வளவு இருக்கிறது என்று வரிசையாகக் கேட்டு எழுதினார். ஏஜென்ட்டிடமிருந்து எனக்கு உடனே போன். “இதெல்லாம் எல்லா பிளாக்கிலும் வருவதுதான். உங்கள் சொலிசிட்டர் தேவையில்லாமல் இழுக்கிறார். விற்பவர் பொறுமை இழந்துவிட்டார்.” எனக்கும் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. சொலிசிட்டரிடம் சொன்னேன். “விற்பவருக்கு அவசரம் என்றால் பதிலும் சீக்கிரம் வருமே” என்றார். கடைசியில், விற்பவருக்குக் கிடைக்கும் பணத்தில் ஒரு பகுதியை அவருடைய சொலிசிட்டரே கையில் பிடித்து வைத்து, பில் வந்ததும் அதிலிருந்து கட்டுவது என்று முடிவாயிற்று. இதற்கு ரிடென்ஷன் என்று பெயர், கேட்டால் கிடைக்கக்கூடிய ஏற்பாடுதான். கேட்பதற்கு ஆள் வேண்டும்.

ஏஜென்ட் சிபாரிசு செய்யும் சொலிசிட்டர் இதைக் கண்டிருக்கவே மாட்டார் என்று நான் சொல்லவில்லை. கண்டிருப்பார். நீண்ட அறிக்கையில் ஒரு பத்தியாக எழுதியும் அனுப்பியிருப்பார். அந்தப் பத்தியின் மேல் உட்கார்ந்து, ஏஜென்ட் முறைத்தாலும் நகராமல் இருந்திருப்பாரா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். லீஸில் மீதம் இருப்பது 80 ஆண்டுக்குக் கீழே போகிறதா, கிரவுண்ட் ரென்ட் என்னும் நில வாடகை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை ஏறும், லண்டனில் கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீ விபத்துக்குப் பிறகு உயரமான கட்டடங்களுக்குக் கேட்கப்படும் வெளிச்சுவர்ச் சான்று இருக்கிறதா என்ற ஒவ்வொன்றிலும் இதே கதைதான்.

நாமே பிடிப்பதில் குறைகள் இல்லாமல் இல்லை. முதல் குறை பேனல். உங்களுக்குக் கடன் கொடுக்கும் வங்கியின் பட்டியலில் அந்த சொலிசிட்டர் இல்லையென்றால் வங்கிக்கென்று தனி சொலிசிட்டர், தனிச் செலவு, தாமதம். வேலையை ஒப்படைக்கும் முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும். இரண்டாவது, சின்ன அலுவலகம் என்றால் அவர் விடுமுறையில் போகும்போது ஃபைலும் தூங்கும். அப்புறம் நம்மவர் பழக்கம் ஒன்று: ஹாரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ தமிழ் பேசும் சொலிசிட்டர் ஒருவரைத் தெரிந்தவர் சொன்னார் என்று போய்விடுவது. தமிழில் பேசலாம் என்பது நல்ல வசதிதான். ஆனால் அவர் அதிகம் பார்ப்பது குடிவரவு வழக்குகள் என்றால் லீஸைப் படிக்க அவர் சரியான ஆள் இல்லை. கடைசியாக எத்தனை லீஸ்ஹோல்ட் ஃபிளாட்டுகள் முடித்தீர்கள் என்று கேட்பதில் கூச்சப்பட வேண்டாம்.

இதற்காக ஏஜென்ட்டை ஒதுக்கிவிட வேண்டியதும் இல்லை. செயினில் மேலே கீழே என்ன நடக்கிறது என்பது சொலிசிட்டரைவிட அவருக்குத்தான் முதலில் தெரியும். யார் எங்கே இழுத்தடிக்கிறார்கள், விற்பவர் தனக்கான வீட்டைக் கண்டுபிடித்துவிட்டாரா என்ற செய்திகளை வாரம் ஒருமுறை அவரிடம் கேளுங்கள். விலையும் இரு தரப்பு சொலிசிட்டர்கள் பெயரும் அடங்கிய விற்பனைக் குறிப்பை அவர்தான் அனுப்ப வேண்டும். வந்ததும் விலை சரியா என்று பாருங்கள். ரைட்மூவ் என்னும் வீட்டு விளம்பரத் தளத்தில் விளம்பரம் ‘விற்கப்பட்டது, ஒப்பந்தத்துக்கு உட்பட்டது’ என்று மாறிவிட்டதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். செய்தி சொல்ல அவர், தீர்ப்புச் சொல்ல சொலிசிட்டர் என்று பிரித்துக்கொண்டால் இருவரோடும் சண்டை வராது.

செயின் இல்லாத, காலியாகக் கிடக்கிற, ஃபிரீஹோல்ட் (நிலமும் சேர்ந்து சொந்தமாகும்) வீடு என்றால் ஏஜென்ட் காட்டும் ஆளையே வைத்துக்கொண்டாலும் பெரிதாக இழப்பீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. புதிதாகக் கட்டும் வீடுகளை நான் வாங்கியதில்லை. அங்கே கட்டுபவரே சொலிசிட்டரைச் சொல்லி, 28 நாளில் எக்ஸ்சேஞ்ச் செய்யச் சொல்வது சகஜம். அந்தக் கெடுவுக்கு வெளியாள் ஒருவர் ஓட முடியுமா என்பதை, அதே குடியிருப்பில் ஏற்கனவே வாங்கியவர்களிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.