வேலை மாறவிருக்கும் விமானிகளுக்கு: முழு ஒப்பந்தம் கைக்கு வராமல் ராஜினாமா கொடுக்காதீர்கள்

இந்தியாவில் ஒரு விமான நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற எண்ணியிருக்கும் விமானிகளுக்காக, குறிப்பாகச் சொந்த ஊர்த் தளத்திலேயே (விமானியின் பணி தொடங்கி முடியும் ஊரே தளம்) பணிபுரியலாம் என்ற உறுதிமொழியை நம்பி மாறவிருக்கும் துணை விமானிகளுக்காக இதை எழுதுகிறேன். நான் ஏர்பஸ் ஏ320 விமானத்தில் துணை விமானியாக இருக்கிறேன். என்னை வேலைக்கு எடுத்த நிறுவனம் சென்னைத் தளம், சேர்ந்த நாளிலிருந்து பணிமூப்பு, அந்தப் பணிமூப்பின்படி கேப்டன் பதவி உயர்வு என்று மூன்று உறுதிகளைக் கொடுத்தது. மூன்றில் ஒன்றுகூட நிறைவேறவில்லை. விவகாரம் வழக்கறிஞர்களிடம் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. எது எதற்கு முன்னால் நடந்தது, எது எப்போது காட்டப்பட்டது என்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

நேர்முகத் தேர்வும், தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகும் கருவியான சிமுலேட்டரில் ஒரு தேர்வும் முடிந்தபின் இரண்டே பக்கத்தில் ஒரு பணி வழங்கல் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. பதவி, மாதச் சம்பளம், பறக்கும் நேரத்துக்கான படி, தளம் சென்னை என்ற விவரங்கள் அதில் இருந்தன. பணிமூப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதை எழுத்தில் கேட்டேன். சேரும் தேதியே பணிமூப்புத் தேதி என்று ஆள்சேர்ப்புப் பிரிவிலிருந்து பதில் வந்தது. முழு ஒப்பந்தத்தின் நகலையும் கேட்டேன். அது எல்லா விமானிகளுக்கும் பொதுவானது, சேரும் நாளில் கையெழுத்துக்குத் தருவோம், அதற்கு முன் வெளியே அனுப்புவது வழக்கமில்லை என்றார்கள். கூடவே, அடுத்த பயிற்சி வகுப்பில் இடம் வேண்டுமானால் அந்த வாரத்துக்குள் பழைய நிறுவனத்தில் ராஜினாமா கொடுத்துவிட வேண்டும் என்று தொலைபேசியில் நெருக்கினார்கள்.

அந்த அவசரத்துக்கு ஒரு காரணம் உண்டு. 2017 ஆகஸ்டில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ வகுத்த விதியின்படி கேப்டன்கள் ஓராண்டும் துணை விமானிகள் ஆறு மாதமும் முன்னறிவிப்புக் கொடுத்த பிறகே வேலையை விட முடியும். இரண்டு பக்கக் கடிதத்தை நம்பி ராஜினாமா கொடுக்கும் துணை விமானி அந்த அரையாண்டு முழுவதும் எந்தப் பக்கமும் பிடிமானமில்லாமல் நிற்கிறார். பழைய நிறுவனம் பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடுகிறது. புதிய நிறுவனத்துக்கோ இன்னும் எந்தக் கடப்பாடும் பிறக்கவில்லை. முழு ஒப்பந்தத்தை அவர் முதன்முதலாகப் பார்க்கும் நாளில் திரும்பிப் போக இடமிருக்காது என்பது இரு தரப்புக்கும் தெரியும், ஆனால் அதனால் ஆதாயம் ஒரு தரப்புக்கு மட்டுமே.

ராஜினாமாவை இடையில் திரும்பப் பெற்றுக்கொள்ளலாமே என்று நினைப்பவர்கள், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானி ஒருவரின் வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைப் படிக்க வேண்டும். விமானிகளின் முன்னறிவிப்புக் காலம் என்பது மாற்று ஆளை ஏற்பாடு செய்ய நிறுவனத்துக்குக் கொடுக்கப்படும் அவகாசம், ஆகவே விமானி தன் விருப்பம்போல ராஜினாமாவைத் திரும்பப் பெற முடியாது என்ற நிலைப்பாட்டை நீதிமன்றம் எடுத்தது. 2021இல் தில்லி உயர் நீதிமன்றம் நாற்பதுக்கும் மேற்பட்ட ஏர் இந்தியா விமானிகளை மீண்டும் பணியில் சேர்க்க உத்தரவிட்டது உண்மைதான். ஆனால் அவர்கள் பல மாதங்கள் சம்பளமின்றி வழக்காட வேண்டியிருந்தது. நம்மில் எத்தனை பேரால் அது முடியும்?

சேர்ந்த நாளில் தடித்த ஒப்பந்தத்தை மேசைமேல் வைத்தார்கள். தளம் என்ற இடத்தில் சென்னை என்றுதான் இருந்தது. அதற்கடுத்த உட்பிரிவோ, செயல்பாட்டுத் தேவை கருதி நிறுவனம் தன் முழு விருப்பப்படி எந்தத் தளத்துக்கும் எவ்வளவு காலத்துக்கும் விமானியை மாற்றலாம் என்றது. பணிமூப்பு லைன் ரிலீஸ் ஆன தேதியிலிருந்து, அதாவது பயிற்சி முழுவதும் முடிந்து, பயிற்சி கேப்டனின் மேற்பார்வையின்றி வழக்கமான சேவையில் பறக்க அனுமதி கிடைக்கும் தேதியிலிருந்துதான் கணக்கிடப்படும் என்று இன்னொரு பிரிவு சொன்னது. பயிற்சிச் செலவுக்கான பாண்டும், அதாவது குறிப்பிட்ட காலம் முடியுமுன் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற பத்திரமும், அதே தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்கும். இதற்கு முன் வாய்மொழியாகவோ எழுத்திலோ சொல்லப்பட்ட எதுவும் செல்லாது, இவ்வொப்பந்தம் மட்டுமே செல்லும் என்பது கடைசிப் பிரிவு. எனக்கு வந்த மின்னஞ்சலுக்கு அந்தப் பிரிவுக்குமுன் மதிப்பில்லை என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்தேன். கையெழுத்திடாதவர்களுக்கு வகுப்பில் இடமில்லை என்ற பதில் அன்று மாலையே வந்தது. பழைய வேலையும் இல்லை, வீட்டுக்கடன் தவணை நிற்கவும் போவதில்லை, கையெழுத்திட்டேன்.

லைன் ரிலீஸ் தேதி என்ற அந்த ஒரு நிபந்தனை எவ்வளவு தூரம் பாயும் என்பதைப் பயிற்சி தொடங்கிய பிறகே முழுமையாக உணர முடிந்தது. வகுப்பறைப் பாடம், சிமுலேட்டர், பின்பு பயிற்சி கேப்டனுடன் பயணிகள் விமானத்தில் பறத்தல் என்று எல்லாக் கட்டங்களின் நாளையும் நிறுவனமே தீர்மானிக்கிறது. சிமுலேட்டர் நேரம் இல்லை, பயிற்சி கேப்டன்கள் போதவில்லை, எதிர்பார்த்த விமானங்கள் வந்து சேரவில்லை என்று என் முறை தள்ளிக்கொண்டே போயிற்று. பறக்காததால் பறக்கும் படி இல்லை. குறைந்த நிலைச் சம்பளம் மட்டுமே. தொண்ணூறு நாள்களுக்குள் மூன்று முறை விமானத்தை ஏற்றி இறக்காதவர் பயணிகளோடு பறக்க முடியாது என்பதால், காத்திருப்பு நீள நீள மறுபடியும் சிமுலேட்டரில் உட்கார வேண்டிய கட்டாயமும் சேர்ந்துகொண்டது. இதற்கிடையில் வேறொரு தளத்தில் ஆள் பற்றாக்குறை என்று எனக்குப் பின் சேர்ந்தவர்களுக்கு முன்னதாகவே லைன் ரிலீஸ் கொடுத்தார்கள். இன்று அவர்கள் பட்டியலில் எனக்கு மேலே இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் ஒருவருடைய பணிமூப்பைத் தீர்மானிக்கும் தேதி முழுவதும் முதலாளியின் கையில் இருந்தால் அதைப் பணிமூப்பு என்று எப்படி ஏற்க முடியும்?

தளத்தின் கதையும் இதோடு பிணைந்ததுதான். தற்காலிகம் என்று தில்லிக்கு அனுப்பினார்கள். பின்பு சென்னைக்கு மாற விரும்புவோர் வரிசையில் நிற்க வேண்டும் என்றார்கள். அந்த வரிசையோ பணிமூப்பின்படி நகர்வது. ஆக, பணிமூப்பைப் பறிகொடுத்தவர் ஊரையும் பறிகொடுக்கிறார். தில்லியில் வாடகை, சென்னையில் குடும்பம், ஓய்வு நாளில் பாதி விமான நிலையங்களில் கழிகிறது. நிறுவனம் தன் வேலையாக நம்மை ஓரிடத்துக்கு அனுப்பினால் அந்தப் பயண நேரம் பணி நேரத்தில் சேரும். நாமாக வீட்டிலிருந்து தளத்துக்குப் பறந்து போவது எந்தக் கணக்கிலும் சேராது. சென்னையில் இரவு இருந்துவிட்டு அதிகாலை முதல் விமானத்தில் தில்லி போய் அன்றே பணிக்கு ஏறுபவரின் களைப்பு ரோஸ்டர் என்ற பணி அட்டவணையில் எங்கும் தெரியாது. இது பாதுகாப்பைத் தொடும் விஷயம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

ஒரு தளம் உண்மையில் இருக்கிறதா என்பதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அந்த ஊரில் இரவு எத்தனை விமானங்கள் நிறுத்தப்படுகின்றன என்று அங்கே பணிபுரிபவர்களிடம் கேளுங்கள். ஏ320 வகை விமானம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஐந்தாறு ஜோடி விமானிகள் தேவைப்படுவார்கள். அந்தக் கணக்கோடு, ஏற்கெனவே அங்கே இருப்பவர்களையும் மாறுதலுக்கு மனுக் கொடுத்துக் காத்திருப்பவர்களையும் ஒப்பிட்டால், புதிதாக ஒருவருக்கு இடமுண்டா என்பது ஆள்சேர்ப்புப் பிரிவின் வாயால் கேட்காமலே விளங்கிவிடும்.

பணிமூப்பு இப்படி அலைக்கழிக்கப்படுவது தனியார் நிறுவனங்களில் மட்டும் நடப்பதன்று. ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் 2007இல் இணைந்தபின் யார் யாருக்கு மூத்தவர், போயிங் 787 பயிற்சி எந்தத் தரப்புக்கு என்ற தகராறு ஆண்டுக்கணக்கில் நீடித்து, 2012இல் 58 நாள் வேலைநிறுத்தமாக வெடித்தது. நிறுவனங்கள் இணையும்போது பணிமூப்புப் பட்டியல்களை நியாயமாகச் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்காவில் 2007இல் சட்டமே கொண்டுவந்தார்கள்; இங்கே அப்படியொரு தனிச் சட்டம் இல்லை. 2024இல் மட்டும் முன்பு ஏர்ஏசியா இந்தியா என்றிருந்த ஏஐஎக்ஸ் கனெக்ட் அக்டோபரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுடனும், விஸ்தாரா நவம்பரில் ஏர் இந்தியாவுடனும் இணைந்தன. ஆகவே நீங்கள் சேரும் நிறுவனம் நாளை இன்னொன்றோடு இணைந்தால் உங்கள் தேதி என்ன ஆகும் என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

நிறுவனமே மூடப்பட்டால் பணிமூப்புக்கு எந்த மதிப்பும் இல்லை. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷரும், 2019 ஏப்ரல் 17ஆம் தேதி ஜெட் ஏர்வேஸும், 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்டும் பறப்பதை நிறுத்தியபோது, பல்லாண்டு பணிமூப்புள்ளவர்கள் வேறு நிறுவனங்களில் பட்டியலின் அடியிலிருந்து தொடங்க நேர்ந்தது. சம்பள பாக்கியிலும் சட்டம் பெரிதாகக் கைகொடுக்காது. திவால் சட்டத்தின் 53ஆவது பிரிவின்படி, தொழிலாளர் என்று வகைப்படுத்தப்படுபவர்களின் 24 மாத பாக்கி பிணையம் பெற்ற வங்கிகளோடு சமமாக நிற்கும்; மற்ற ஊழியர்களின் 12 மாத பாக்கி அதற்கு அடுத்த படியில்தான் வரும். ஒரு நிறுவனம் சம்பளத்தைத் தேதி தவறிப் போடத் தொடங்கிவிட்டதென்றால், அது எவ்வளவு நல்ல தளம் கொடுத்தாலும் அங்கே சேர வேண்டாம் என்பதே என் கருத்து.

பாண்ட் பற்றியும் ஒன்று. பத்திரத்தில் எவ்வளவு பெரிய தொகை எழுதியிருந்தாலும், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவு நியாயமான இழப்பீட்டையே அனுமதிக்கிறது. அதனால் எனக்கு மிரட்டலாகச் சொல்லப்பட்ட தொகை அப்படியே கட்டியாக வேண்டியதல்ல என்று வழக்கறிஞர் விளக்கினார். அதற்காக முன்னறிவிப்பின்றிக் கிளம்பிவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். 2023இல் அப்படி விலகிய விமானிகள்மீது ஆகாசா ஏர் மும்பை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. அதே காலத்தில் தில்லி உயர் நீதிமன்றத்தில் டிஜிசிஏ, விமானிக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான வேலை ஒப்பந்தத்தில் தான் தலையிட முடியாது என்று கூறியது. ஆகவே நம் புகாரை அங்கே கொண்டுபோய்த் தீர்வு பெறலாம் என்ற எதிர்பார்ப்பும் வீண்.

இப்போது இரண்டு மூன்று நிறுவனங்களின் கடிதங்களை வைத்துக்கொண்டு யோசிப்பவர்கள், சம்பளத்தை ஒப்பிடுவதற்கு முன் முழு ஒப்பந்தம், பாண்ட் பத்திரம், பணிமூப்பு விதி ஆகியவற்றை ராஜினாமாவுக்கு முன்பே கையில் கேளுங்கள். பணிமூப்புத் தேதி சேரும் தேதிதான் என்பதும், பயிற்சி தாமதமானால் அது பாதிக்கப்படாது என்பதும் ஒப்பந்தத்துக்குள்ளேயே எழுதப்பட வேண்டும். தளத்தை மாற்றினால் எத்தனை மாதத்துக்குள் திருப்பி அனுப்புவார்கள், அதுவரை தங்குமிடம் யார் செலவு என்பதும் அப்படியே. பாண்ட் தொகை மாதாமாதம் குறைகிறதா, சேர்ந்த நாளிலிருந்து குறைகிறதா என்று பாருங்கள். தர மறுத்தால் பழைய இடத்திலேயே இருங்கள். அங்கே உங்கள் இடமாவது உங்களுடையது.

நான் வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பியிருக்கிறேன். செயல்பாட்டுத் தேவை என்ற அதே பிரிவை மேற்கோள் காட்டிப் பதில் வந்திருக்கிறது. பாண்ட் முடியாததால் இன்னும் அங்கேயேதான் பறக்கிறேன். எனக்கு ஓரளவாவது வாதிட வழி வைத்திருப்பவை அன்று கொடுத்த எழுத்து ஆட்சேபமும், என் சொந்த மின்னஞ்சல் முகவரிக்கு வந்த அந்தப் பதிலும்தான். இதே நிலையில் இருப்பவர்கள் தங்கள் கடிதங்களின் நகலை இன்றே சொந்தக் கணக்கில் சேமித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் வேலையை விட்டதும் நிறுவன மின்னஞ்சல் கணக்கை மூடிவிடுவார்கள்.