குடும்பத்துக்கு ஓர் உலக அட்லஸ்: சேலத்துக் கடைகளில் எதைப் பார்த்து வாங்குவது?

பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் சேலத்துப் புத்தகக் கடைகளில் அட்லஸ் கேட்டால், "எத்தனாவது படிக்கிற பிள்ளைக்கு?" என்ற கேள்விதான் பெரும்பாலும் திரும்பி வரும். தாத்தா முதல் பேத்தி வரை வீட்டில் எல்லோரும் எடுத்துப் பார்ப்பதற்கு ஒன்று வேண்டும் என்று விளக்கினால், கடைக்காரர் சற்று யோசித்துவிட்டு, மேல்தட்டிலிருந்து பளபளப்பான அட்டை போட்ட தடித்த புத்தகம் ஒன்றை இறக்கிக் கொடுப்பார். அதில் கொடிகளுக்குப் பல பக்கங்கள், விலங்குகளுக்குச் சில பக்கங்கள், கோள்களுக்குச் சில பக்கங்கள் இருக்கும்; நிலப்படங்கள் மீதியிடத்தில் நெருங்கி நிற்கும். அந்த வகைப் புத்தகத்தை வாங்க வேண்டாம் என்பதே என் மதிப்பீடு. அதைவிட விலை குறைந்த மாணவர் அட்லஸ் ஒன்று, குடும்பத்துக்கு அதைவிட நெடுநாள் உழைக்கும்.

ஓர் அட்லஸை எடைபோட எளிய வழி, நாம் நன்கு அறிந்த நிலத்தை அது எப்படிக் காட்டுகிறது என்று முதலில் பார்ப்பதாகும். சேலத்துக்காரர்களுக்கு இந்தச் சோதனை மிகவும் வசதியானது. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நேர்க்கோட்டில் அளந்தால் இரண்டுக்கும் இடையே சுமார் 14 கிலோமீட்டர்தான். உயரத்துக்கு ஏற்ப நிறம் தீட்டிய இயற்கை அமைப்புப் படத்தில், 200, 500, 1,000 மீட்டர் என்று நெருக்கமாக நிறம் மாறினால், சேர்வராயன் மலை சேலத்துக்கு வடக்கே தனித் தீவாகப் பழுப்பில் எழுந்து நிற்கும். கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, சவ்வாது ஆகியவை தனித்தனியாகப் பிரிந்து தெரியும். மேட்டூரில் மலைகளை விட்டு வெளியே வரும் காவிரி, ஏன் அங்கிருந்து தெற்கு நோக்கித் திரும்புகிறது என்பது குழந்தைக்கும் விளங்கும். 500 மீட்டரிலிருந்து ஒரே தாவலாக 2,000 மீட்டருக்கு நிறத்தை மாற்றும் படத்தில் இந்த மலைகளின் ஏற்ற இறக்கம் எல்லாம் ஒரே பூச்சில் மறைந்துவிடும். நமக்குத் தெரிந்த மலையை மறைக்கும் புத்தகம், எத்தியோப்பியாவின் மேட்டு நிலத்தையும் ஈரானின் மலைத்தொடர்களையும் அப்படியேதான் மறைக்கும். ஆனால் அங்கே பிழை நம் கண்ணில் படாது.

கனிமப் படத்திலும் இதே சோதனையைச் செய்யலாம். சேலத்தின் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், இந்தியக் கனிமப் படத்தில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். சேர்வராயனின் பாக்சைட்டும் கஞ்சமலையின் இரும்புத் தாதுவும் இருந்தால் படத்தை வரைந்தவர்கள் அக்கறையோடு வேலை செய்திருக்கிறார்கள் என்று நம்பலாம்.

அடுத்து அளவுகோல். 1 சென்டிமீட்டர் 100 கிலோமீட்டருக்குச் சமமான படத்தில் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது. ஏற்காட்டின் பெயரை எழுதவே இடமிருக்காது. 1 சென்டிமீட்டர் 25 கிலோமீட்டருக்குச் சமமான படத்தில் அந்த இடைவெளி அரை சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். எந்த நாட்டுக்கு எந்த அளவுகோல் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதை வைத்தே, அந்தப் புத்தகம் யாருக்காகத் தயாரிக்கப்பட்டது என்று கண்டுகொள்ளலாம். பிரிட்டனில் தயாரான அட்லஸில் ஐரோப்பாவுக்குப் பக்கங்கள் தாராளமாகவும் ஆப்பிரிக்காவுக்குச் சிக்கனமாகவும் இருப்பது வழக்கம். நம் நாட்டு மாணவர் அட்லஸில் அந்தத் தாராளம் இந்தியாவுக்குக் கிடைக்கிறது. ஆப்பிரிக்காவின் நிலை இரண்டிலும் பெரிதாக மாறுவதில்லை.

உலகப் படத்தில் பார்க்க வேண்டியது கிரீன்லாந்து. உருண்டைப் பூமியைத் தட்டைத் தாளில் காட்ட நிலப்பட அறிஞர் மெர்கேட்டர் 1569ஆம் ஆண்டு வகுத்த முறையில் வரைந்த படத்தில் கிரீன்லாந்து ஏறத்தாழ ஆப்பிரிக்கா அளவுக்குப் பெருத்துத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் சுமார் 14 மடங்கு பெரியது. இந்தியாவேகூட கிரீன்லாந்தைப்போல் ஒன்றரை மடங்கு பெரிய நாடு. கப்பலோட்டத்துக்காக உண்டான அந்த முறைதான் பெரும்பாலான கைபேசி வரைபடங்களிலும் சிறு மாற்றங்களுடன் தொடர்கிறது. ஆகவே பிள்ளைகள் ஏற்கெனவே தவறான அளவுகளைக் கண்ணில் பதித்துக்கொண்டுதான் அட்லஸுக்கு வருகிறார்கள். அளவுகளை அவ்வளவாகச் சிதைக்காத ராபின்சன் அல்லது விங்கெல் டிரிப்பெல் முறையில் வரைந்த உலகப் படம் உள்ள புத்தகமே வீட்டுக்கு ஏற்றது. முறையின் பெயர் படத்தின் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும்.

புத்தகம் புதியதா என்பதை அச்சான ஆண்டைக் கொண்டு முடிவு செய்யக்கூடாது. பழைய படங்களையே மறு அச்சாகப் போட்டு, புதிய ஆண்டைப் பொறித்து விற்பது நடக்கிறது. அதற்குப் பதில் சில இடங்களைத் திறந்து பார்க்கலாம்: 2011இல் பிறந்த தெற்கு சூடான் தனி நாடாக இருக்கிறதா? சுவாசிலாந்து 2018இல் எஸ்வாத்தினி ஆனதும், மாசிடோனியா 2019இல் வட மாசிடோனியா ஆனதும் ஏறியிருக்கின்றனவா? கஜகஸ்தான் தலைநகரின் பெயர் 2019இல் நூர்சுல்தான் என்று மாறி, 2022இல் மறுபடியும் அஸ்தானா ஆகிவிட்டது. ஆகவே நூர்சுல்தான் என்று போட்ட புத்தகம் எந்தக் காலத்தது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இந்தியாவில் லடாக் 2019 அக்டோபர் 31 முதல் தனி யூனியன் பிரதேசம். தமிழ்நாட்டு மாவட்டப் படம் இருந்தால், 2020இல் உருவான மயிலாடுதுறையையும் சேர்த்து 38 மாவட்டங்கள் இருக்க வேண்டும். நமக்குப் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சி இன்னும் விழுப்புரத்துக்குள் இருந்தால் புத்தகத்தை அப்படியே மூடிவிடலாம்.

பெயர் அட்டவணையைப் பற்றி ஒரு வார்த்தை: அது இல்லாத அட்லஸ், எண் போடாத தெருவைப் போன்றது. தொலைக்காட்சிச் செய்தியில் ஓர் ஊர்ப் பெயர் வந்தவுடன் எழுந்து போய்த் தேடுவதுதான் வீட்டு அட்லஸின் முதல் பயன். தமிழில் விற்கும் மலிவு விலை உலக வரைபட நூல்களில் நான் பார்த்தவை பெரும்பாலும் இங்கேதான் தவறுகின்றன. பெரியவர்கள் தமிழில் படிக்க விரும்பும் வீட்டில், நாற்பது பக்கத்துக்கு மேல் போகாத அந்த நூல்களைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். அதுவே போதும் என்று இருந்துவிட முடியாது.

நம் கடைகளில் எளிதாகக் கிடைப்பவற்றில் ஆக்ஸ்ஃபோர்டு நிறுவனத்தின் இந்தியப் பதிப்பு மாணவர் அட்லஸும், ஓரியண்ட் பிளாக்ஸ்வான் பள்ளி அட்லஸும் குறிப்பிடத்தக்கவை. இரண்டிலும் இயற்கை அமைப்பு, மழை, மண், கனிமம் என்று இந்தியாவுக்கான கருப்பொருள் படங்கள் நிறைவாக உள்ளன. போட்டித் தேர்வு எழுதுவோர் இவற்றைத் தேடி வாங்குவதற்கு அதுவே காரணம். பள்ளிப் பிள்ளை உள்ள வீட்டில் இவற்றில் ஒன்றே முதலில் வர வேண்டும் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. இந்திய சர்வே துறை வெளியிடும் வரைபடத்துக்கு மாறாக நாட்டின் எல்லையைக் காட்டி வரைபடம் வெளியிடுவது இங்கே குற்றம். ஆகவே இங்கே அச்சாகும் அட்லஸ்கள் அத்துறையின் எல்லைகளையே பின்பற்றுகின்றன. வெளிநாட்டு அட்லஸ்களோ காஷ்மீரைக் கட்டுப்பாட்டுக் கோட்டின்படி பிரித்துக் காட்டுகின்றன. அதைப் பார்த்துப் பழகிய பிள்ளை தேர்வில் எல்லையை அப்படியே வரைந்தால் மதிப்பெண் போகும்.

இறக்குமதிப் புத்தகங்களில் 1895இல் தொடங்கிய டைம்ஸ் அட்லஸ் வரிசையின் பெரிய பதிப்பு வேறொரு தரத்தில் நிற்கிறது. அதன் அட்டவணையில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட இடப்பெயர்கள் உள்ளன. நில உயர நிறங்களும் எழுத்தின் நேர்த்தியும் கண்ணுக்கு விருந்து. ஆனால் விலை பல ஆயிரம் ரூபாய். எடையோ பத்து வயதுப் பிள்ளை தனியாகத் தூக்கச் சிரமப்படும் அளவு. விரித்தே வைத்திருக்க ஒரு மேசை ஒதுக்க முடிந்தவர்கள் வாங்கலாம். அலமாரியின் மேல்தட்டில் படுக்க வைக்கப் போகிறவர்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை.

கட்டமைப்பையும் கவனிக்க வேண்டும். பசை மட்டும் தடவிய பைண்டிங்கை அகல விரித்தால் தாள் கழன்று வரும். தையல் போட்டதாக இருந்தால் புத்தகம் மேசையில் தட்டையாகப் படியும். இரண்டு பக்கங்களில் பரவிய படத்தின் நடு மடிப்பில் எந்த நாடு சிக்கிக்கொள்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. இதையெல்லாம் பார்க்கக் கடைக்காரர் புத்தகத்தைத் திறக்க விட வேண்டும். சேலத்தில் ஒரு கடையில் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே விடவில்லை. பிரித்தால் வாங்கியாக வேண்டும் என்றார்கள். மாவட்டப் புத்தகத் திருவிழாவின் அரங்குகளில் அந்தத் தொல்லை இல்லை. பல பதிப்பாளர்களின் அட்லஸ்களை அருகருகே விரித்து, மேலே சொன்ன ஊர்களை ஒவ்வொன்றிலும் தேடிப் பார்த்து வாங்க முடிகிறது. இணையத்தில் தருவிப்பவர்கள் பதிப்பு எண்ணைக் கேட்டு உறுதி செய்துகொண்டு, பார்சல் வந்ததும் அட்டையின் மூலைகள் நசுங்கியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் எல்லாப் பக்கங்களையும் ஒருமுறை புரட்டிவிட வேண்டும்.