பாட்டில்ஸ்: நிரலுக்கு ஒரு சி டிரைவ்

லினக்ஸில் விண்டோஸ் நிரலை ஓட்ட அடித்தளம் ஒயின் என்ற மென்பொருள்தான். 1993-இல் தொடங்கிய வேலை, 2008-இல்தான் 1.0 ஆனது. விண்டோஸ் அழைப்புகளை ஓடும்போதே லினக்ஸ் அழைப்புகளாக மாற்றித் தருவதால், முழு விண்டோஸையும் மெய்நிகர் கணினியில் ஏற்றும் சுமை இல்லை. ஆனால் வெறும் ஒயினில் எல்லா நிரலும் ஒரே சி டிரைவில் குவியும். ஒன்றுக்காகப் போட்ட டிஎல்எல் (நிரல்கள் பகிரும் துணைக் கோப்பு) இன்னொன்றைப் படுக்க வைத்துவிடும். ஒயினை நிர்வகிக்கும் பாட்டில்ஸ் செயலியில் ஒவ்வொரு நிரலுக்கும் 'பாட்டில்' என்ற தனி இடம்: தனி சி டிரைவ், தனி ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் அமைப்புகளின் பதிவேடு), தனி ஒயின் பதிப்பு. இதற்காகவே இதைப் போடலாம்.

ஃபிளாட்ஹப் என்ற செயலிக் கடையில் கிடைக்கும் ஃபிளாட்பேக்கையே (மற்ற கோப்புகளிலிருந்து வேலியிட்டு ஓடும் தொகுப்பு) நிறுவுங்கள். உருவாக்கியவர்கள் பரிந்துரைப்பதும் அதைத்தான். புதிய பாட்டில் உருவாக்கும்போது அலுவல் நிரல் என்றால் 'அப்ளிகேஷன்', விளையாட்டு என்றால் 'கேமிங்'. கேமிங்கில் விண்டோஸின் கிராஃபிக்ஸ் முறையான டைரக்ட்3டியை லினக்ஸிலும் ஓடும் வல்கனாக மாற்றும் டிஎக்ஸ்விகே சேர்ந்தே வரும். வல்கன் ஆதரவு இல்லாத பழைய கிராஃபிக்ஸ் கார்டில் விளையாட்டு திறக்காது. அமைப்புகளில் டிஎக்ஸ்விகேயை அணைத்துவிட்டுப் பாருங்கள், ஓபன்ஜிஎல் என்ற பழைய கிராஃபிக்ஸ் முறை வழியாகக் கொஞ்சம் மெதுவாக ஓடக்கூடும்.

பலரும் தடுக்கி விழுவது ஃபிளாட்பேக்கின் வேலிக்குள். செட்டப் கோப்பைத் தேர்ந்தெடுப்பீர்கள், நிறுவியும் திறக்கும், பாதியில் 'டேட்டா1.கேப் இல்லை' என்று நிற்கும். கோப்பு அதே கோப்புறையில்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் தொட்ட அந்த ஒரு கோப்புக்கு மட்டும்தான் அனுமதி போயிருக்கிறது, பக்கத்தில் கிடப்பது பாட்டில்ஸின் கண்ணுக்கே தெரியாது. ஃபிளாட்பேக் அனுமதிகளை மாற்றும் ஃபிளாட்சீல் செயலியைத் திறந்து, பாட்டில்ஸைத் தேர்ந்து, ஃபைல்சிஸ்டம் பகுதியில் அந்தக் கோப்புறையின் பாதையைச் சேர்த்து, பாட்டில்ஸை முழுவதும் மூடித் திறங்கள். முழு ஹோம் அடைவையும் திறந்துவிட வேண்டாம். வைரஸ் உள்ள எக்ஸி ஒயினிலும் ஓடும்.

'விசிரன்டைம்140.டிஎல்எல் இல்லை' என்றால் பாட்டிலின் டிபென்டன்சீஸ் பக்கத்தில் விசி ரீடிஸ்ட் (அந்தக் கோப்பைத் தரும் மைக்ரோசாஃப்ட் தொகுப்பு) நிறுவினால் போதும். மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்தில் எழுதிய நிரல்களை முதலில் ஒயினோடு வரும் அதன் மாற்றான மோனோவோடு ஓட்டிப் பாருங்கள். முரண்டு பிடித்தால் மட்டும் புதிய பாட்டிலில் டாட்நெட் 4.8. அதை நிறுவ வெகுநேரம் ஆகும், திரை உறைந்ததுபோல் இருக்கும்; நடுவில் நிறுத்தினால் அந்தப் பாட்டிலை அழித்துவிட்டு மறுபடி தொடங்குவதே மேல். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த ஆவணம் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால், எழுத்துரு கோப்பை அந்தப் பாட்டிலின் சி டிரைவில் விண்டோஸ், ஃபான்ட்ஸ் கோப்புறையில் போட்டு நிரலை மூடித் திறந்தால் தமிழ் வந்துவிடும்.

இயங்குதளத்தின் மையமான கெர்னல் வரை இறங்கும் ஏமாற்றுத் தடுப்பு உள்ள விளையாட்டுகளுக்கும், சொந்த டிரைவர் கேட்கும் யூஎஸ்பி டாங்கிள் (உரிமத்தைச் சரிபார்க்கச் செருகும் சிறு கருவி), ஸ்கேனர் மென்பொருள்களுக்கும் இது உதவாது. விண்டோஸ் டிரைவரை லினக்ஸ் கெர்னல் ஏற்காது. டாங்கிளுக்கும் ஸ்கேனருக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகர் கணினி மென்பொருளில் விண்டோஸ் போட்டு, யூஎஸ்பியை உள்ளே திருப்பிவிடுவதுதான் வழி.