48,500 ரூபா கொடுத்தும் அதே இரைச்சல்: வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

48,500 ரூபா. தொகையை முதலிலேயே எழுதிவிடுகிறேன். வால்வு ஆம்ப்ளிஃபயரில் (பல்பு போன்ற கண்ணாடி வால்வுகளால் ஒலியைப் பெருக்கும் கருவி, சுருக்கமாக ஆம்ப்) இரைச்சல் வருகிறதே, யாரிடம் கொடுக்கலாம் என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் மிச்சத்தைப் படிக்காவிட்டாலும் இதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு உண்மை தெரிந்தது நேற்றிரவுதான். தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன்.

இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில்தான் எங்கள் குடும்பம் இருக்கிறது. கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் கிட்டார் வாசிக்கிறேன். என்னுடைய ஆம்ப் பழையது, 15 வாட். முன்பகுதியில் 12ஏஎக்ஸ்7 என்ற வகை வால்வு மூன்று, வெளியீட்டில் ஈஎல்84 என்ற வகை இரண்டு, ஆக மொத்தம் ஐந்து. போன மழைக்காலத்தில் ஒரு சத்தம் தொடங்கியது. போட்டவுடன் ஒன்றும் இருக்காது. பதினைந்து நிமிடம் சூடேறிய பிறகு எண்ணெய்ச் சட்டியில் வடை பொரிவதுபோல் கரகரக்கும். கிட்டார் லீடைக் கழற்றினாலும் நிற்காது.

இணையத்தில் தேடியபோது, கண்டியில் இசைக்கருவிகளும் ஒலிபெருக்கிகளும் பழுதுபார்க்கும் ஒரு கடையின் விளம்பரம் கண்ணில் பட்டது. ‘வால்வு வேலையில் அனுபவம்’ என்று போட்டிருந்தார்கள். 15 கிலோவுக்குக் குறையாத அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று பஸ்ஸில் போய் இறங்கினேன்.

கடைக்காரர் என்னை உட்கார வைத்தார். பிளேன்டீ வரவழைத்தார். ஊரைக் கேட்டார், சொன்னேன். உடனே முகம் மலர்ந்து, “நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான் தம்பி. லயத்துப் பிள்ளை நான். நம்முடைய ஆட்களை நானே ஏமாற்றுவேனா?” என்றார். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு; அந்த ஒரு வார்த்தையில்தான் நான் விழுந்தேன். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதையும் எதிர்த்துக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆம்ப்பைப் போட்டு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, கரகரப்பு வருவதற்கு முன்பே நிறுத்திவிட்டார். “மெயின் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிட்டது. ஐந்து வால்வும் முடிந்துவிட்டன. எல்லாம் மாற்ற வேண்டும்” என்றார். தலையாட்டினேன். 30,000 ரூபா முற்பணம் கொடுத்தேன். பற்றுச்சீட்டு கேட்டதற்கு, “நமக்குள் என்ன தம்பி சீட்டு?” என்று தோளில் தட்டினார். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து மீதி 18,500 ரூபாவையும் கொடுத்து ஆம்ப்பை எடுத்தேன். கடையில் இரண்டு நிமிடம் வாசித்துக் காட்டினார். சத்தம் சுத்தமாக இருந்தது. வீட்டுக்கு வந்து போட்டேன். பதினைந்தாவது நிமிடம் அதே வடைச்சட்டி.

அது அம்மா சீட்டுக் கட்டி எடுத்த பணம். நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தபோது கொழுந்து பறித்துச் சேர்த்தது. 48,500 ரூபா என்றால் முப்பத்தாறு நாள் பறித்த கொழுந்து. அட்டைக்கடியும் பனியும் அந்தக் கணக்கில் சேரவில்லை.

தொலைபேசியில் அழைத்தேன். முதல் தடவை, “வால்வு என்றால் கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் செய்யும்” என்றார். அடுத்த தடவை, “ஹட்டன் குளிர் அதற்கு ஒத்துவராது.” பிறகு, வேலை செய்த பையன் கொழும்புக்குப் போயிருக்கிறானாம், வந்ததும் பார்ப்பானாம். கடைசியாகச் சொன்னதுதான் இன்னும் எரிகிறது: “உங்கள் லயத்துக் கரண்ட் சரியில்லை தம்பி, அதற்கு நான் என்ன செய்ய?” லயத்துப் பிள்ளை என்று சொல்லிப் பணம் வாங்கிய அதே வாய்! மறுபடி ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு கண்டிக்குப் போனேன். முதலாளி இல்லை என்றான் பையன். உள்ளே அவர் இருமுவது எனக்குக் கேட்டது. இப்போது என் இலக்கத்தைத் தடைசெய்துவிட்டார்.

தலவாக்கலையில் ஒரு பெரியவர் இருக்கிறார். வால்வு வானொலிகள் வீட்டுக்கு வீடு இருந்த காலத்தில் அவற்றைப் பழுதுபார்த்தவர். மாமா சொல்லி நேற்று மாலை அவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் ஆம்ப்பைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். இருபது நிமிடம். அந்தக் கடையில் யாருமே செய்யாத வேலை அது. கரகரப்பு வந்ததும் வால்யூமைப் பூச்சியத்துக்குத் திருப்பினார். சத்தம் நின்றது. “அப்படியென்றால் கோளாறு வால்யூமுக்கு முன்னால், முதல் கட்டத்தில் இருக்கிறது மகன். டிரான்ஸ்ஃபார்மராக இருந்தால் வால்யூமைக் குறைத்து என்ன பயன்? அது எரிந்திருந்தால் ஃபியூஸ் போயிருக்கும், நாற்றம் வந்திருக்கும்” என்றார். பிறகு நிறுத்தி, ஆறவிட்டு, முதல் வால்வையும் மூன்றாவது வால்வையும் இடம் மாற்றிப் போட்டார். இரண்டும் ஒரே வகை என்பதால் அப்படிச் செய்யலாமாம். மீண்டும் சூடேறும்வரை காத்திருந்தோம். கரகரப்பு இடம் மாறவில்லை, இன்னும் முதல் கட்டத்திலிருந்தே வந்தது. ஆகவே வால்விலும் குற்றமில்லை. காய்ந்த மரக்குச்சி ஒன்றால் உள்ளே ஒவ்வொரு பாகமாக மெல்லத் தொட்டுக்கொண்டே போனார். முதல் வால்வின் அனோட் என்ற தகட்டுக்கு மின்சாரம் கொண்டுபோகும் 100 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொட்டதும் சத்தம் வெடித்தது. பழைய கார்பன் வகை. ஈரத்தை இழுத்துவைத்துக்கொண்டு சூட்டில் கரகரக்குமாம். அதன் விலை ஒரு பிளேன்டீக்குக்கூட வராது. மாற்றினார். ஒரு மணி நேரம் வாசித்தேன், மூச்சுச் சத்தம்கூட இல்லை. காசு வாங்க மறுத்துவிட்டார்.

இனிமேல்தான் விஷயம். டிரான்ஸ்ஃபார்மரின் திருகாணிகளில் பழைய பெயின்ட் உடையாமல் அப்படியே இருக்கிறது. சாலிடரும் பழையது. அதைக் கழற்றவே இல்லை. நான் ஆம்ப்பை வாங்கிய நாளில் பின்புறத்தைப் படமெடுத்து வைத்திருந்தேன். இரண்டாவது ஈஎல்84இன் எழுத்து பாதி அழிந்திருந்தது. இப்போதும் அதே பாதி எழுத்து, அதே இடத்தில். ஒரு வால்வுகூட மாற்றவில்லை! 48,500 ரூபாவுக்கு அவர் செய்த வேலை, பெட்டியைத் துடைத்தது மட்டும்தான்.

இரைச்சலைக் கண்டுபிடிப்பது எப்படி என்று படிப்படியாக எழுதத்தான் நினைத்தேன். கை நடுங்குகிறது, இவ்வளவுதான் முடிகிறது. கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கத்தையும் படமெடுங்கள். ஆனால் நீங்களே திறந்து உள்ளே கைவைக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம், உயிர் போய்விடும். எந்தப் பாகம் மாற்றினார்கள் என்று எழுதிய பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். எடுக்கும்போது கடையிலேயே அரை மணி நேரம் ஓடவிடுங்கள், அவர்கள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ஏமாந்துவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழையுங்கள். நானும் விடிந்ததும் அழைக்கப்போகிறேன். என்னிடம் பற்றுச்சீட்டு இல்லை, படங்கள் இருக்கின்றன.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஆம்ப் சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். “அந்தக் கண்டிக்காரர் நல்ல மனிதர்தான்” என்றார்.