படர்தாமரைக்கு வெறும் குளோட்றிமசோல் கிறீம் போதும்

பங்குனி, சித்திரை வெக்கையில் தோட்டத்தில் நிற்கிறவர்களுக்குப் படர்தாமரை வருவது புதினமில்லை. எனக்குச் சாரம் கட்டுகிற இடத்தில், இடுப்போடு வந்தது. நடுத்தோல் வெளிறி, ஓரம் மட்டும் சிவந்து தடித்து, மெல்லிய செதிலோடு வட்டமாக விரியும். வியர்த்தால் கடி தாங்க ஏலாது.

படர்தாமரை பூஞ்சையால் வருவது. சுன்னாகத்தில் ஒரு பாமசியில் வாங்கினது பூஞ்சையைக் கொல்லும் குளோட்றிமசோல் 1% கிறீம், வேறொன்றும் கலக்காதது. மலிவு. மணமில்லை, சாரத்தில் பிசுபிசுவென்று ஒட்டாது. பூசும் விதத்தை அங்கிருந்த அக்கா பொறுமையாகச் சொல்லித் தந்தார். நடுவில் அப்பிவிட்டு விடக்கூடாது. பூஞ்சை மும்முரமாகப் பரவுவது ஓரத்தில். அதனால் வட்டத்துக்கு வெளியே ஒரு விரல் அகலம் தள்ளி, நல்ல தோலிலிருந்தே பூசிக்கொண்டு உள்ளே வரவேண்டும். காலையும் இரவும், மெல்லிசாக. கிணற்றடியில் குளித்தால் துவாயால் ஒற்றி, ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகுதான்.

கடி கெதியாக அடங்கிவிடும். ஆட்கள் ரியூப்பை மூடி வைப்பதும் அப்போதுதான். வட்டம் மறைந்த பிறகும் இரண்டு கிழமை பூசவேண்டும், இல்லாவிட்டால் அதே இடத்தில் திரும்பவும் முளைக்கும். நான் விடாமல் பூசினேன், சுகம்.

அத்தானுக்கும் படர்தாமரைதான், ஆனால் வேறொரு கடையில் கொடுத்தது ஸ்டீரொயிட் கலந்த கிறீம். ஸ்டீரொயிட் கடியையும் சிவப்பையும் அடக்கும், பூஞ்சையைக் கொல்லாது. கடி உடனே நின்றுவிட்டது, நல்ல மருந்து என்று சந்தோஷப்பட்டார். பிறகு வட்டமே தெரியாமல் தொடையெல்லாம் பரவி, தோல் மெலிந்து கோடு விழுந்துவிட்டது. இப்போது பெரியாஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்கு அலைகிறார், குளிசையும் போடுகிறார். ஒரு வார்த்தை விளக்கம் சொல்லாமல் அதைக் கையில் கொடுத்ததை நினைக்க எனக்கு ஆத்திரம் வருகிறது.

தயவுசெய்து பெட்டியில் உள்ள சின்ன எழுத்தை வாசியுங்கள். குளோட்றிமசோல், குளோபெற்றசோல் இரண்டும் அவசரத்தில் ஒன்றுபோலத் தெரியும். முதலாவது பூஞ்சைக்கு, மற்றது கடும் ஸ்டீரொயிட். பீற்றாமெதசோன் என்று கண்டாலும், அதுவும் ஸ்டீரொயிட்தான், டொக்டர் எழுதித் தராவிட்டால், திருப்பிக் கொடுங்கள்.

கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்ணுக்கு டெர்பினாபின் 1% கிறீமும் நல்லது. விலை கூடினாலும் பூசும் நாட்கள் குறைவு. படர்தாமரை தலைமயிருக்குள் வந்தால் பூச்சு மருந்தை நம்பி இருக்காதீர்கள், அதற்குக் குளிசைதான். நகத்துக்கும் பெரும்பாலும் அப்படியே. நீரிழிவு உள்ளவர்கள் முதலிலேயே டொக்டரிடம் காட்டுங்கள். அப்புறம், வீட்டில் துவாயை ஆளுக்கொன்றாகப் பிரித்துவிடுங்கள்.