2.99 டாலர் பர்கர்: புரட்டாசிக்காரர்கள் கவனிக்க

பிட்ஸ்பர்க் பெருமாளைப் பார்க்கக் காரில் போய்வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாட்டிறைச்சி சாப்பிடாத மற்றவர்களும் படிக்கலாம். நான் பர்கர் வாங்கிய கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பென்சில்வேனியாவில் இருப்பவர்களுக்குத் தெரியும், இங்கே கேஸ் ஸ்டேஷனோடு (பெட்ரோல் பங்க்) சேர்ந்த கடைகள் வெறும் கடைகள் அல்ல. பல கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கும். உள்ளே போனால் தொடுதிரை இருக்கும், அதில் பன் முதல் வெங்காயம் வரை தட்டித் தட்டி நமக்கு வேண்டியபடி பர்கர் சொல்லலாம். எனக்கே அந்தக் கடைகள் மேல் பிரியம் உண்டு. அதனால்தான் கோபமும் அதிகம்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. மெக்கானிக்ஸ்பர்கிலிருந்து நாங்கள் ஐந்து பேரும், அதாவது நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, பிட்ஸ்பர்க்கை ஒட்டிய பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போனோம். ஒரு வழிக்கு மட்டும் ஏறக்குறைய 200 மைல். புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. மற்ற மாதங்களில் கோழியும் மீனும் உண்டு, மாடு எப்போதும் இல்லை.

கிளம்பும்போது கோயில் கேன்டீனில் அம்மா புளியோதரை இரண்டு பொட்டலம் வாங்கினார். "எல்லாருக்கும் வாங்கிடலாம்டா, ராத்திரி நேரம்" என்றார். "வழியில பாத்துக்கலாம்மா" என்று நான்தான் சொன்னேன். சின்னவள் பாட்டியோடு புளியோதரை சாப்பிட்டுத் தூங்கிவிட்டாள். பெரியவனுக்குப் பர்கர் வேண்டும்.

டர்ன்பைக்கில் (சுங்க நெடுஞ்சாலை) ஏறுவதற்கு முன்னால் அந்தக் கடை. கண்ணாடியில் பெரிய போஸ்டர்: பர்கர் 2.99 டாலர், உங்கள் விருப்பப்படி. மூன்று பேருக்கு ஒன்பது டாலருக்குள் முடிந்துவிடும் என்று உள்ளே போனேன்.

திரையில் தொட்டதும் 3.99 என்று வந்தது. 2.99 அவர்களுடைய ஆப்பில் சேர்ந்தவர்களுக்கு மட்டுமாம். போஸ்டரின் அடியில், எறும்பு அளவு எழுத்தில் அது இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். சேர்வதற்குப் போன் நம்பர், ஈமெயில், பிறந்த தேதி எல்லாம் கேட்கிறார்கள். பின்னால் நாலு பேர் நிற்கும்போது அதையெல்லாம் யார் தட்டுவது? சரி போ என்று விட்டேன்.

அடுத்தது உள்ளே வைக்கும் கட்லெட். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் மாடுதான். மாற்றுவதற்கு ஒரு சின்னப் பொத்தான். கறுப்பு பீன்ஸ் கட்லெட்டுக்கு 1.50 கூடுதல். சீஸுக்கு 70 சென்ட். இரண்டும் பர்கர் ஒவ்வொன்றுக்கும். பையனுடையதைக் காம்போ ஆக்கட்டுமா என்று திரை இரண்டு தடவை கேட்டது, அவன் என்னை முந்திக்கொண்டு 'ஆமாம்' தட்டிவிட்டான், 3.50. கூட்டினால் 22.07. கடை இருக்கும் அலெகெனி கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) விற்பனை வரி 7 சதவீதம் (மாநிலத்தின் 6, கவுண்டியின் 1), சமைத்துத் தரும் சாப்பாட்டுக்கு அது உண்டு. மொத்தம் 23.61. ஒன்பதரை டாலரில் முடியும் என்று நினைத்து நுழைந்தவன்!

பணம் போனது போகட்டும். அதற்காக மட்டும் என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

மூன்று பொட்டலம் வந்தது. ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கர், ஒவ்வொன்றிலும் கறுப்பு பீன்ஸ் என்று அச்சடித்திருந்தது. நான் படித்துப் பார்த்துத்தான் எடுத்தேன். டர்ன்பைக்கில் ஏறி ஏழெட்டு நிமிடம் இருக்கும். இருட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மனைவி, "ஏங்க, இதுல பீன்ஸ், சோளம் ஒண்ணும் தட்டுப்படலையே" என்றாள். நான் ரோட்டைப் பார்த்தபடி, "சாஸ் அதிகமா இருக்கும்" என்றேன். அவள் போன் விளக்கைப் போட்டாள். அப்புறம் காரில் யாரும் பேசவில்லை.

பீன்ஸ் கட்லெட் கடித்த இடத்தில் மாவாக உதிரும். இது கொத்துக்கறிக்கே உரிய பொடிப்பொடிக் குருணையாக, பழுப்பாக, கெட்டியாக இருந்தது. சுற்றியிருந்த காகிதத்தின் மடிப்பில் கொழுப்பு வெள்ளையாக உறையத் தொடங்கியிருந்தது. மூன்று வாய் சாப்பிட்டிருந்தாள். அர்வின் எக்ஸிட் வரும்வரை காரைத் திருப்ப வழியில்லை. ஓரமாக நிறுத்தி வாய் கொப்பளித்தாள். நல்லவேளையாகப் பையனுடையதும் என்னுடையதும் பீன்ஸ்தான், பிரித்துப் பார்த்தோம்.

அர்வினில் இறங்கிப் பத்து மைல் திரும்பிப் போனோம். உள்ளே இரண்டே பேர், ஒருவர் கல்லாவில், இன்னொரு பையன் சமையல் பக்கம். இருபது வயதுகூட இருக்காது. பொட்டலத்தை நீட்டினேன். அவன் முதலில் பார்த்தது ஸ்டிக்கரைத்தான். "சரியாத்தானே இருக்கு" என்றான். பிரித்துக் காட்டியதும் முகம் மாறிவிட்டது. பக்கத்து ஆர்டரின் பொட்டலத்தில் நம் ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறான். நம்முடையதை வாங்கிப்போன மனிதர் பீன்ஸ் கடித்துக்கொண்டு எங்கே திட்டிக்கொண்டிருந்தாரோ!

புதிதாகச் செய்து தருகிறேன் என்றான். அப்போதுதான் நின்று கவனித்தேன். அவன் சொன்னபடி கட்லெட் எல்லாம் ஏற்கெனவே வெந்தே வருகிறது, இவர்கள் சூடாக்கி அடுக்கித் தருகிறார்கள். மாட்டுக்கும் பீன்ஸுக்கும் ஒரே தட்டு, ஒரே கரண்டி. கையுறையும் மாறவில்லை. ஆர்டரின் பேரில் செய்வது என்றால் ஆர்டரின் பேரில் அடுக்குவது, அவ்வளவுதான். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஒருவனை நிறுத்தி நாலு பேர் வேலையை வாங்குகிறார்கள்.

பணத்தை மேனேஜர்தான் திருப்பித் தர முடியும், காலையில் கூப்பிடுங்கள் என்றான். ஞாயிறு காலை கூப்பிட்டேன். மேனேஜர் தன்மையாகத்தான் பேசினார். 6.19 டாலர் தருகிறேன், ஆனால் ஆப்பில் பாயின்டாக என்றார். நான் ஆப்பில் இல்லையே என்றேன். சேர்ந்துகொள்ளுங்கள் என்றார்! மனைவி பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டு, "அந்தப் பாயின்ட்ல என்ன வாங்கச் சொல்றாங்க, இன்னொரு பர்கரா?" என்றாள்.

மேலும் அரை மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகு கார்டில் திருப்பிப் போடுவதாகச் சொன்னார். போட்டார்கள். அதற்கு நாலு நாள்.

இனி அங்கே போகிறவர்களுக்கு: கட்லெட்டை மாற்றியதும் திரையில் கலோரி எண் மாறுகிறதா என்று பாருங்கள். ஒரே பெயரில் 20 அல்லது அதற்கு மேல் கடைகள் உள்ள நிறுவனங்கள் கலோரியைக் காட்ட வேண்டும் என்பது 2018 முதல் இங்கே சட்டம். எண் மாறவில்லை என்றால் உங்கள் மாற்றம் பதியாமல் போயிருக்கலாம். பொட்டலத்தைக் கவுன்டரிலேயே பிரித்து, கட்லெட்டைப் பிய்த்துப் பாருங்கள், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். ஃப்ரைஸை என்ன எண்ணெயில், எதோடு சேர்த்துப் பொரிக்கிறார்கள் என்றும் கேளுங்கள். மெக்டொனால்ட்ஸ் ஃப்ரைஸில் மாட்டுச் சுவையூட்டி இருந்த விஷயம் வழக்காகி, 2002-இல் அவர்கள் ஒரு கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும்.

அடுத்த சனிக்கிழமையும் கோயிலுக்குப் போனோம். கேன்டீனில் அம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஏழு பொட்டலம் புளியோதரை, மூன்று தயிர்சாதம் வாங்கி, சீட்டுக்கு அடியில் தானே வைத்துக்கொண்டார்.