ஒன்ட்ரேய் சூரியின் பிஎச்பி களஞ்சியம்: சுங்குடிக் கடைச் சேவையகத்தில் பயன்படுத்திய அனுபவம்

மதுரை தெற்கு மாசி வீதியில் உள்ள ஒரு சுங்குடிச் சேலைக் கடையின் கையிருப்புக் கணக்கும் இணைய விற்பனையும் நடக்கும் சேவையகத்தை நான் பராமரித்து வருகிறேன். சித்திரைத் திருவிழாக் கூட்டம் தொடங்குவதற்குள் அதிலிருந்த பிஎச்பி (இணையதளத்தை இயக்கும் நிரல்மொழி) 7.4-ஐ 8.3-க்கு மாற்றி முடித்தேன். 2022 நவம்பரோடு 7.4-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிட்டது. வாடிக்கையாளர்களின் முகவரியும் கைப்பேசி எண்ணும் சேர்ந்துகிடக்கும் இடத்தில் அதை மேலும் ஓடவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

சேவையகத்தின் இயங்குதளமான உபுண்டு 22.04 தன்னுடன் தருவது பிஎச்பி 8.1 மட்டுமே. டெபியன் இயங்குதளத்துக்கான பிஎச்பி தொகுப்புகளைப் பராமரிக்கும் ஒன்ட்ரேய் சூரியின் களஞ்சியத்தை, அதாவது தொகுப்புகளை இறக்கி நிறுவும் இடத்தை, சேர்த்துக்கொண்டால், 7.4-உம் 8.3-உம் ஒரே சேவையகத்தில் ஒன்றையொன்று தொடாமல் இருக்கும். ஒவ்வொரு பதிப்புக்கும் தனி எஃப்பிஎம் (பிஎச்பி நிரலை ஓட்டும் சேவை), அதோடு பேசத் தனி சாக்கெட், தனி அமைப்புக் கோப்பு. எனவே வலைச் சேவையக மென்பொருளான என்ஜின்எக்ஸின் அமைப்பில் சாக்கெட்டின் பெயர் உள்ள ஒரே வரியை மாற்றி ரீலோடு செய்ததும் கடை புதிய பதிப்புக்கு வந்துவிட்டது. கோளாறு கண்டால் அதே வரியைத் திருப்பி எழுதிப் பழைய நிலைக்குப் போய்விடலாம். இலவசமாகக் கிடைக்கும் ஒரு சேவையில் இதைவிடப் பெரிய நிம்மதியை நான் கண்டதில்லை.

ஆனால் பிஎச்பிக்குக் கூடுதல் வசதி தரும் எக்ஸ்டென்ஷன்களைப் பொறுத்தவரை இதே தனித்தனி அமைப்புதான் நம்மைச் சிக்கலில் மாட்டுகிறது. 7.4-க்கு நிறுவிய எதுவும் 8.3-க்குத் தானாக வராது; மைஎஸ்க்யூஎல், ஜிடி, கர்ல், இன்ட்ல், எம்பிஸ்ட்ரிங் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி மறுபடி நிறுவ வேண்டும். சொற்களைப் பைட் கணக்கில் அல்லாமல் எழுத்துக் குறிக் கணக்கில் கையாளும் எம்பிஸ்ட்ரிங்கை நான் விட்டுவிட்டேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, ஏனென்றால் பழைய நிரலை எழுதியவர் அது இல்லாத இடத்தில் பைட் கணக்கில் வெட்டும் சாதாரண சப்ஸ்ட்ரிங்கைக் கொண்டு ஒப்பேற்றியிருந்தார். மறுநாள் காலை அச்சாகி வந்த விலைச்சீட்டில் ‘சின்னாளப்பட்டி சுங்குடி’ என்றிருக்க வேண்டிய இடத்தில் ‘சின்னாளப்பட்டி சு’ என்று நின்று, அதன் பின்னால் ஒரு கேள்விக்குறிக் கட்டம் இருந்தது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் (எழுத்தோடு சேரும் புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள்) 3 பைட். ‘சின்னாளப்பட்டி’ மட்டுமே 42 பைட், இடைவெளி 1. 50 குறி என்று வைத்த வரம்பு 50 பைட்டாக மாறியதும், வெட்டு ‘ங்’ என்பதன் முதல் பைட்டில் விழுந்துவிட்டது. எம்பிஸ்ட்ரிங்கை நிறுவியதும் பெயர் முழுதாக வந்தது. தமிழில் பெயர் அச்சிடும் எவரும் இந்த ஒன்றை மட்டுமாவது முதலில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

சரிபார்ப்பதிலும் ஒரு கவனம் தேவை. டெர்மினலில் எக்ஸ்டென்ஷன் பட்டியலைக் கேட்டால் அது கட்டளை வரிக்கான பட்டியலைத்தான் காட்டும்; எஃப்பிஎம்மின் அமைப்பு தனிக் கோப்புறையில் இருப்பதால் அதை, ஓடும் பிஎச்பியின் அமைப்பு முழுவதையும் காட்டும் பிஎச்பிஇன்ஃபோ பக்கத்தில் பார்ப்பதே சரி. அந்தப் பக்கத்தைப் பார்த்த கையோடு நீக்கியும் விட வேண்டும். கோப்பு ஏற்றும் வரம்பும் புதிய அமைப்பில் இயல்பான 2 எம்பிக்குத் திரும்பியிருந்ததால், கடைக்காரர் கைப்பேசியில் எடுத்த சேலைப் படங்கள் ஏறாமல் நின்றன. தரவைப் பரிமாற உதவும் ஜேசன் எக்ஸ்டென்ஷன் பிஎச்பி 8.0 முதல் மொழியோடு சேர்ந்தே வருவதால் அதைத் தனியாகத் தேட வேண்டியதில்லை.

நிரலில் ஈச், கிரியேட் ஃபங்ஷன் ஆகிய பிஎச்பி கட்டளைகள் இரண்டும் 8.0-இல் நீக்கப்பட்டவை என்பதால் அவை வந்த இடங்களைத் தேடித் திருத்தினேன். பூஜ்யத்தை ஒரு சொல்லோடு ஒப்பிட்டால் 7.4 சமம் என்று சொல்லும், 8.0 முதல் அப்படிச் சொல்லாது. கையிருப்பு 0 என்று காட்டும் பகுதியை இதற்காகவே வரிவரியாகப் படித்தேன்.

களஞ்சியத்திடம் எனக்குள்ள குறை ஒன்றுதான்: பழைய பதிப்பில் நிறுவியிருந்து புதியதில் விட்டுப்போன எக்ஸ்டென்ஷன்களை அது சுட்டிக்காட்டுவதில்லை. இரண்டு பட்டியலையும் நானே அருகருகே வைத்து ஒப்பிட்டேன். அது முடிந்த பிறகே 7.4-இன் தொகுப்புகளை நீக்கினேன்.